ஓவர் மாமாவின் வெயில்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எந்தச் சுவரில் எத்தனை மணிக்கு வெயில் விழும் என்று சூரியனைவிடத் துல்லியமாகத் தெரிந்த ஒரே மனிதர், எங்கள் பக்கத்து வீட்டு ஓவர் மாமாதான்.

ஊர்விட்டு ஊர் வயர்லெஸ்ஸில் பேசும் அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வைத்திருந்தார். டிபன் டப்பா அளவில் ஒரு வயர்லெஸ் பெட்டி, அதற்கொரு பேட்டரி, பேட்டரியை நிரப்ப சிலேட்டுப் பலகை அளவில் ஒரு சோலார் தகடு. வயர்லெஸ்ஸில் பேசிப் பேசி, எதைச் சொன்னாலும் கடைசியில், 'நான் முடித்தேன், இனி நீ பேசு' என்பதற்கான 'ஓவர்' போட்டுவிடுவார். டீக்கடையில்கூட "சக்கரை கம்மி, ஓவர்" என்றுதான் கேட்பார். டீக்காரரும் ஓவர் சொன்னால்தான் கிளாஸை எடுப்பார்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் தகடு கூடவே வரும். அதை மாதா கோயில் மதிலில் சாய்த்து வைப்பார். சாமியார் பிரசங்கம் சூடுபிடிக்கும் நேரத்தில் எழுந்துபோய், வெயில் நகர்ந்த பக்கம் திருப்பிவிட்டு வருவார். மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு கல்யாணப் பந்தலில் தகட்டுக்காகத் துணியின் மூலையை அவிழ்த்து, சம்பந்தி இலைக்கு நேராக வெயில் இறக்கிய பெருமையும் அவருக்கு உண்டு.

நான் பி.எஸ்சி. இயற்பியல், முதல் வகுப்பு. அந்தத் திமிரில், வீட்டில் பிளக் இருக்கும்போது எதற்கு இந்தக் கூத்து என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"கரண்ட்டு இல்லாத நாளுக்குத்தான் இந்த ரேடியோ. அன்னிக்கி உன் பிளக்கு என்னா பண்ணும் மாப்ள? ஓவர்."

இதைத் தெரு முழுக்க நடித்துக் காட்டிச் சிரித்தேன். பிறகு புயல் வந்தது.

கரண்ட் போனது, செல்போன் டவர் போனது, ரோடெல்லாம் மரம். என் மனைவியோ தலைப்பிரசவத்துக்குச் சிதம்பரத்தில் அவள் அம்மா வீட்டில் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். சிரித்த அதே முகத்தைத் தூக்கிக்கொண்டு போய் மாமா வீட்டுக் கதவைத் தட்டினேன்.

மாமா ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. சிதம்பரம் கீழ வீதியிலிருந்த வயர்லெஸ் நண்பரைப் பிடித்தார். அவர் சைக்கிளில் போய் விசாரித்து, மறுநாள் இரண்டு மணிக்குத் தகவல் சொல்வதாக ஏற்பாடு. அதற்குள் பேட்டரி தீரும் நிலைக்கு வந்திருந்தது. நல்லவேளை, மறுநாளே வெயில் பளிச்சென்று அடித்தது. மாமா தகட்டை மாடியில் வைத்து, காக்கா அசிங்கம் பண்ணாமல் பார்த்துக்கொள்ளும்படி என்னிடம் ஒப்படைத்துவிட்டு, ராத்திரி அறுந்துபோன ஏரியலைக் கட்டப் போனார்.

வெயிலில் காயும் பொருளைக் காக்காவிடமிருந்து காப்பாற்ற எங்கள் வீட்டில் ஒரே வழிதான். வடகத்துக்குச் செய்வதுபோல் மெல்லிய வேட்டியை மேலே போர்த்தி, நாலு மூலையிலும் கல் வைத்து, கையில் குச்சியோடு மூன்று மணி நேரம் காவல் காத்தேன். முதல் வகுப்பு!

இரண்டு மணிக்கு நண்பரின் குரல் வந்தது. "பொண்ணு பொறந்திருக்கு. தாயும் புள்ளையும்..."

பெட்டி அணைந்துவிட்டது.

மாமா மாடிக்கு ஓடினார், பின்னாலேயே நானும். வேட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வடகமா மாப்ள இது?"

ஓவர்கூடச் சொல்லவில்லை. அந்த வேட்டியாலேயே தகட்டைத் துடைத்து, இரண்டு கையாலும் வெயிலுக்கு நேரே ஏந்திக்கொண்டு நின்றார். தென்னை நிழல் நகர நகர அவரும் நகர்ந்தார். நான் பிடிக்கிறேன் என்று கை நீட்டினேன். நான் பிடித்தால் என் நிழலையே அதன்மேல் போட்டுவிடுவேன் என்று தர மறுத்துவிட்டார். ஒன்றரை மணி நேரம். கழுத்தெல்லாம் கன்றிப்போய்விட்டது.

பெட்டிக்கு உயிர் வந்தபோது, நண்பர் விடாமல் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். தாயும் பிள்ளையும் சௌக்கியம்.

மாமா மைக்கை என் வாயருகே நீட்டினார். "பேசுனா பேட்டரி ஜாஸ்தி குடிக்கும். ஒரு வார்த்தைதான் தாங்கும், சொல்லு."

நன்றி என்றுதான் நினைத்தேன். அழுகைக்கு நடுவே வந்தது, "ஓவர்."

மாமா இப்போது காட்டுமன்னார்கோயிலில் மகள் வீட்டோடு இருக்கிறார். சித்திரை வெயிலை ஊரே திட்டும்போது நான் மட்டும் வாயைத் திறப்பதில்லை. அடிக்கட்டும், மாமாவின் பேட்டரி நிறையட்டும்.