சம்பந்தி வருவதற்குள் கம்ப்யூட்டரை மந்தமாக்க வேண்டி

அன்புள்ள மைத்துனனுக்கு, அத்தான் எழுதிக்கொள்வது. நானும் உன் அக்காவும் உடம்பளவில் சௌக்கியம். நீ, உன் மனைவி, பிள்ளைகள் எல்லோரும் அப்படியே இருக்க வேண்டும். எனக்கு மனதளவில்தான் சௌக்கியம் இல்லை. அதற்குக் காரணம் நீ.

போன மாதம் வந்தபோது என் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிவிட்டுப் புதியதை வைத்தாய். "என் செஸ் என்னப்பா ஆகும்?" என்று நான் பதறியதற்கு, "கவலப்படாதீங்க அத்தான், புதுசுக்குள்ளயே பழசு மாதிரி ஒரு இடம் பண்ணி அதுல ஓட விட்டுடறேன். புதுசு ஒரே நேரத்துல பத்து வேலை பாக்கும். பழசுக்கு அது தெரியவே தெரியாது" என்றாய். தெரியத்தான் இல்லை. செஸ்ஸைத் திறந்தால் திரை முழுக்க அதுவே அடைத்துக்கொள்கிறது. மவுஸின் அம்பு அதற்குள் போனால் திரும்பி வருவதில்லை. உன் அக்கா பார்த்துக்கொண்டிருந்த தையல் வீடியோவைத் தேடித் தேடி, கடைசியில் சுவிட்சையே அணைத்தோம். "பெட்டிக்குள்ள தன்னைத் தவிர வேற யாருமே இல்லன்னு நெனப்பு அதுக்கு. எங்கயோ பாத்த மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் என்னையே பார்த்தாள். நான் கண்டுகொள்ளவில்லை.

அதுகூடப் பரவாயில்லை. பழைய பெட்டியில் தினமும் என்னிடம் உதை வாங்கிக்கொண்டிருந்த அதே செஸ், இரண்டு வாரமாக என்னை ஓட ஓட விரட்டுகிறது. அச்சகத்தில் அடுத்தவர் பிழையைக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவன் நான், விடுவேனா? ஒரு காயை நகர்த்த இவ்வளவு நேரம் யோசிக்கலாம் என்று அதற்கு ஒரு அளவு உண்டு. புதிய பெட்டியின் வேகத்தில் அதே நேரத்துக்குள் பல மடங்கு யோசித்துவிடுகிறது. இது தெரியாமல் நான் முன்பே சம்பந்தியிடம், "கம்ப்யூட்டரையே தினம் தோக்கடிக்கறேன்" என்று வாயைக் கொடுத்துவிட்டேன். "அப்படிங்களா? ஞாயித்துக்கெழம வந்து பக்கத்துல உக்காந்து பாக்கறேனே" என்றார் மனுஷன். மகளைக் கொடுத்த இடம். தோற்றால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்.

நேற்று முன்தினம்தான் வழி பிறந்தது. நான் செஸ்ஸைத் திறப்பதற்கு முன்பே உன் அக்கா அதே கம்ப்யூட்டரில் ஒரு பாட்டைப் போட்டு வைத்திருந்தாள். கத்த வாயெடுத்தேன், பார்த்தால் செஸ் தன் ராணியைச் சும்மா தூக்கிக் கொடுக்கிறது! பெட்டியின் பலத்தில் பாட்டுக்குப் பங்கு போனதில் அதற்கு யோசிக்கத் தெம்பில்லை. நேற்று பாட்டு, செய்தி, வானிலை, சீட்டுக்கட்டு எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்துவிட்டு, அதற்குப் பிறகு செஸ்ஸைத் திறந்தேன். உள்ளே விசிறி இரைகிற இரைச்சலில் மேசையே அதிர்ந்தது. நான் ஜெயித்தேன். ஆனால் இத்தனை கூத்துக்கு நடுவில் சம்பந்தியை உட்கார வைக்க முடியுமா? ஆகவே, சத்தமே போடாமல் அதன் உயிரை வாங்குகிற வேலை ஏதாவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பி வை. இல்லாவிட்டால் என் பழைய பெட்டியையே கொண்டுவந்து வைத்துவிடு.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், எடுத்த காரியத்தில் ஜெயித்து, சம்பந்திகளிடம் மாட்டாமல் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு. கடிதத்தை உன் அக்கா படித்துவிட்டாள். "மத்தியானம் நீங்க தூங்கறப்ப நான்தான் அதுல ஆடறேன். நீங்க வச்சிருந்த ஆரம்ப நிலை சப்புன்னு இருந்துச்சு, ரொம்பக் கஷ்டமான கடைசி நிலைக்கு மாத்தினேன். திருப்பி வைக்க மறந்துட்டேன்" என்கிறாள். "அப்போ பாட்டு போட்டதும் நான் ஜெயிச்சது?" என்று கேட்டேன். "உங்க மூஞ்சியப் பாக்க முடியல. அந்த ரெண்டு நாளும் கொறச்சு வச்சேன்" என்றாள். ஆகவே நீ ஒன்றும் அனுப்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையும் அவளே குறைத்து வைக்கிறாளாம். கடைசி நிலையில் அதை அவள் ஜெயிக்கிறாளா என்று மட்டும் எனக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை. நீ கேள். கேட்டு, என்னிடம் சொல்லாதே.