செங்கல் சுவருக்கு நான் போட்ட பத்து

எந்தப் பொருளையும் தூக்கிப் போட மனசு வராத வியாதி எனக்கு உண்டு. அம்மாவிடமிருந்து வந்தது. சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் எங்கள் வீட்டு ஸ்டோர் ரூம் கதவைத் திறந்தால் தலையில் எது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த வியாதியால்தான் நூறு வயது தாண்டிய ஒரு சுவரை ரத்தம் கக்க வைத்தேன்.

பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் அப்போது புதிதாகச் சேர்ந்திருந்தேன். ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடியப் போகிறது. என் வேலை நிரந்தரமாவதும் நான் வீட்டுக்குப் போவதும் லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டின் முற்றத்துச் சுவர் கையில் இருந்தது. எங்கள் கொத்தனார் செல்வம் (புதுக்கோட்டைக்காரர், என்னைவிட இரண்டே வயது மூத்தவர், இருபது வயது மூத்தவர்போல் பேசுவார்) செங்கல் இடுக்குகளில் யாரோ பூசியிருந்த சிமெண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, சுண்ணாம்புக் கலவை நிரப்பி முடித்திருந்தார். பழைய செங்கல்லுக்குச் சிமெண்ட் ஆகாது. ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல்லே பொடிந்துபோகும்.

பாரம்பரியக் கட்டடங்களைக் கண்காணிக்கும் அரசு அதிகாரி ஆய்வுக்கு வர ஐந்து நாள் இருக்கும்போது சுவரெல்லாம் வெள்ளையாக உப்பு பூத்தது. அதற்கு வைத்தியம், தலைவலிக்குப் போடுகிற மாதிரி ஒரு பத்து. வெள்ளைக் காகிதத்தை ஊறவைத்துக் கூழாக்கிச் சுவரில் அப்பினால், கூழ் காயக் காய உப்பை உறிஞ்சிக்கொள்ளும். உரித்தெடுத்தால் தீர்ந்தது. எதையும் முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்ற இடத்தில் போட வேண்டும் என்பது எங்கள் தொழிலின் சட்டம். (சட்டமெல்லாம் மற்றவர்களுக்கு!)

பாதிச் சுவரிலேயே கூழ் தீர்ந்துவிட்டது. புதுச் சரக்கு அடுத்த வாரம்தான் வரும் என்றார்கள். அப்போதுதான் மூன்று மாதத்துக்கு முன் நடந்த அண்ணன் கல்யாணத்தில் மிஞ்சிய பத்திரிகைகள் நினைவுக்கு வந்தன. ஊரையே அழைப்பதாக நினைத்து அப்பா அச்சடித்தது.

"அம்மா, அந்தப் பத்திரிகையெல்லாம் எடுத்துக்கவா?"

"குப்பையில மட்டும் போட்டுடாத. சாமி படம் இருக்கு."

"ஆபீஸ் வேலைக்கும்மா."

"அப்போ எடுத்துக்கோ. புள்ளையார வெட்டி எடுத்துட்டுக் கொண்டு போ."

ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பிள்ளையார்களை வெட்டினேன். அச்சு மையின் சாயம் சுவரில் ஏறிவிடக் கூடாதே என்று, எழுத்தே இல்லாத பின் தாளை மட்டும் பிரித்தெடுத்தேன். அவ்வளவு முன்யோசனை!

வாளியை எட்டிப் பார்த்த செல்வம் நெற்றியைச் சுருக்கினார். "என்னங்க, கூழு லேசா மஞ்சளா இருக்கு?"

"கிரீம் கலர் பேப்பர், அண்ணே."

"ஓரமா ஒரு கை போட்டுப் பாப்போமா?"

"டைம் இல்லண்ணே."

ஆய்வு நாள் காலையில் கூழை உரித்தோம். உப்பு சுத்தமாகப் போயிருந்தது. ஆனால் என் கூழ் போட்ட பாதியில், சுண்ணாம்பு நிரப்பிய இடுக்கெல்லாம், கோடு கோடாக, சிவப்பு. சில இடங்களில் கீழே வழிந்தும் இருந்தது.

அங்கே சேலைக்கடை வைக்கப்போகும் சரோஜா ஆன்ட்டி உள்ளே வந்தவர் அலறினார். "ஐயோ! யார யாரு வெட்டினது?"

செல்வம் விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். "மஞ்சள்" என்றார். பிறகு என் பக்கம் மெதுவாகத் திரும்பினார். "மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா என்னங்க ஆகும்?"

ஆரத்தி ஆகும். அண்ணன் கல்யாணத்தில் தங்கை என்ற உரிமையோடு அதைக் கலக்கியதே நான்தான். அம்மா ஒவ்வொரு பத்திரிகைக்கும் முன்னும் பின்னும் நான்கு மூலையிலும் தாராளமாக மஞ்சள் தடவி வைத்திருந்தார். பிள்ளையாரைப் பார்த்த கண்ணுக்கு மூலை தெரியவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சரோஜா ஆன்ட்டியிடம் கெஞ்சி ஒரு சேலை வாங்கிச் சுவரை மறைத்தேன். அதிகாரியும் என் மேலாளர் லிம்மும் வந்தார்கள். அதிகாரி முதல் வேலையாகச் சேலையைத்தான் விலக்கினார். அவர் கண்கள் விரிந்தன.

"அந்தக் காலத்துச் சாயம் செங்கல்லுக்குள்ளேர்ந்து கசியுதா? இவ்வளவு நாளா தெரியாம இருந்திருக்கே!" என்று படமெடுக்கத் தொடங்கினார்.

லிம் என்னைப் பெருமையோடு பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினால் வேலை நிரந்தரம். முக்கால்வாசி ஆட்டியும் விட்டேன். அதற்குள் அதிகாரி, "ஒரு செங்கல்ல பேத்து லேபுக்கு அனுப்பிடலாம்" என்றார். நூறு வருடம் தப்பித்து நின்ற சுவரை என் பொய்க்காக உடைக்கப் போகிறார்கள். அண்ணன் கல்யாணம் முதல் ஆரத்தி வரை மூச்சு விடாமல் ஒப்பித்தேன்.

அதிகாரி கேமராவை மெல்ல இறக்கினார். லிம் தலையில் கை வைத்தார். "நான் போன இந்தியக் கல்யாணம் எல்லாத்திலும் வாசல்ல இத பாத்திருக்கேன். எனக்கே தெரியும் லா!"

தகுதிகாண் காலம் மூன்று மாதம் நீண்டது. முற்றத்து வெயில் என்மேல் இரக்கப்பட்டு, சில வாரங்களில் சிவப்பை வெளுக்கவைத்தது. இரண்டாம் ஆய்வில் சுவரும் நானும் தேறினோம். வீட்டில்தான் தேறவில்லை. இன்றும் யார் கல்யாணத்தில் ஆரத்தித் தட்டு வந்தாலும், "இவளத் தள்ளி நிக்கச் சொல்லுங்க, பக்கத்துல செவுரு இருக்கு" என்பான் அண்ணன்.

சில வருடம் கழித்து என் கல்யாணப் பத்திரிகையை லிம்மிடம் கொடுத்தேன். மறுநாள் அது அலுவலக அறிவிப்புப் பலகையில் தொங்கியது. பிள்ளையார் பத்திரமாக இருந்தார். நான்கு மூலைகளைத்தான் காணவில்லை.