திக்க வேண்டிய நேரத்தில் திக்கவில்லை

தெரியாதவர்கள் முன்னால் என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் மடை திறந்த மாதிரிப் பேசியிருக்கிறேன். அன்றைக்குத்தான் எனக்கு நடுத்தெருவில் அடி விழப் பார்த்தது.

நினைவு தெரிந்த நாளிலிருந்து எனக்குத் திக்குவாய். பெஞ்சமின் என்று பெயர் வைத்தபோது, அந்த 'பெ' பிற்காலத்தில் என்ன பாடுபடுத்தும் என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. யாராவது பெயர் கேட்டால் 'ராஜா' என்று சொல்லிவிடுவேன். (தாராவியில் பாதிப் பேருக்கு நான் இன்னும் ராஜாதான்.) சிறுவயதில் நாக்கில் வசம்பு தேய்த்தார்கள். வாயில் கூழாங்கல்லைப் போட்டுப் பேசச் சொன்னார்கள். ஒரு கல் உள்ளே போனது. திக்கு வெளியே போகவில்லை.

எஸ்தருக்கும் எனக்கும் கல்யாணம் நிச்சயமானதும் பயம் பிடித்துக்கொண்டது. சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, "பெஞ்சமின் ஆகிய நான்" என்று ஆரம்பித்து உறுதிமொழி சொல்ல வேண்டும். 'ராஜா ஆகிய நான்' என்று சொன்னால் கல்யாணம் செல்லுமா என்று போதகரிடம் கேட்கவும் வெட்கமாக இருந்தது.

தாராவிக்குப் பக்கத்தில், சயானில் பேச்சுப் பயிற்சி தரும் ஒரு அம்மையாரிடம் போனேன். மாட்டுங்காக்காரர். முதல் நாளே சொல்லிவிட்டார்: "மாத்திரை, மருந்து ஒண்ணும் நான் தர மாட்டேன். பூரணமா போயிடும்னும் சொல்ல மாட்டேன். சிலருக்கு நன்னாக் குறையும், சிலருக்குத் திரும்பி வரும். ஒளிஞ்சுக்கறதை மட்டும் கண்டிப்பா நிறுத்தலாம்."

முதல் எழுத்தை மெல்ல இழுத்துச் சொல்வது, உதட்டை அழுத்தாமல் தொடங்குவது, அவரோடு சேர்ந்து ஒரே குரலில் வாசிப்பது என்று மூன்று வாரம் போனது. அவர் அறைக்குள் நான் வானொலி அறிவிப்பாளர். வெளியே வந்து ஷேர் டாக்ஸிக்காரரிடம் இறங்கும் இடத்தைச் சொல்வதற்குள் அந்த இடம் பின்னால் போய்விடும்.

நான்காவது வாரம் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். "மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போங்கோ. தெரியாத பத்து பேர்கிட்ட வேணும்னே திக்கி மணி கேளுங்கோ. பயம் போனாத்தான் பேச்சு வரும்."

சனிக்கிழமை போனேன். பதினோரு மணிக்கு எஸ்தர் அங்கே வருவதாகவும், இருவரும் முகூர்த்தப் புடவை பார்ப்பதாகவும் ஏற்பாடு. முதல் ஆறு பேரும் மணியைச் சொல்லிவிட்டு அவரவர் வழியில் போனார்கள். யாரும் சிரிக்கவில்லை. எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. ஏழாவதாக, ஒரு காய்கறிக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த கண்ணாடிக்காரரைப் பிடித்தேன். ஐம்பது வயது இருக்கும். சாது போலத் தெரிந்தார்.

"சார், ம-ம-ம-மணி என்ன?" இரண்டு 'ம' போதும். நான் வேலைப்பாடு காட்டினேன்.

அவர் நிமிர்ந்தார். "ப-ப-பத்து... அ-அம்பது."

இருபத்தேழு வருடம் திக்கியவனுக்கு இதைக் கேட்டதும் விஷயம் புரிந்திருக்க வேண்டும். எனக்குத் தோன்றியதோ வேறு: இந்த ஆள் என்னைக் கிண்டல் செய்கிறான்.

"என்ன சார், நக்கலா?" என்றேன்.

"யா-யாருடா ந-நக்கல் பண்றது?" சாது என் சட்டையைப் பிடித்துவிட்டார். இன்னொரு கையில் முருங்கைக்காய்க் கட்டு.

கூட்டம் சேர்ந்தது. "க்யா ஹுவா அங்கிள்?" என்று என்ன நடந்ததென விசாரித்தார் காய்கறிக்காரர். நான் தன் திக்குவாயைப் பழித்துக் காட்டியதாகக் கண்ணாடிக்காரர் இந்தியில் திக்கித் திக்கிச் சொல்லச் சொல்ல, கூட்டத்தின் முகம் மாறியது. பின்னால் ஒருவர் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

அப்போதுதான் அந்த அற்புதம் நடந்தது.

"சார், நான் உங்களக் கிண்டல் பண்ணல. எனக்கும் திக்குவாய்தான். டாக்டரம்மா வேணும்னே திக்கிப் பேசிட்டு வரச் சொல்லி அனுப்பிருக்காங்க. சத்தியமாச் சொல்லுதேன்."

ஒரு தடங்கல் இல்லை. என் குரலை நானே திரும்பிப் பார்த்தேன். சட்டை மட்டும் அவர் கையில் இல்லாமலிருந்தால் ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பேன்.

"திக்குவாயாம். வக்கீல் மாதிரி பேசுறான்," என்று இந்தியில் சொன்னார் தமிழ் புரிந்த காய்கறிக்காரர். பதறிப்போய் வேண்டுமென்றே இரண்டு வார்த்தை திக்கிக் காட்டினேன். அதை நானே நம்பியிருக்க மாட்டேன்.

அந்த நேரம் பார்த்து எஸ்தர் வந்தாள். "விடுங்க, எனக்குப் பேசி வச்சிருக்க மாப்பிள்ளை இவரு," என்று கூட்டத்தை விலக்கினாள்.

"இ-இவனுக்குத் தி-திக்குமா?" என்று அவளிடம் கேட்டார் கண்ணாடிக்காரர்.

நான் பேசியதைக் கேட்டுக்கொண்டேதான் வந்திருக்கிறாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இத்தன நாளும் அப்படித்தான் நெனச்சிட்டு இருந்தேன்," என்றாள். (கல்யாணத்துக்கு முன்பே அவள் நேர்மை எனக்குத் தெரியவந்தது இப்படித்தான்.)

"உ-உன் பேர் என்ன?" என்றார் அவர்.

ராஜா என்று சொல்ல முடியாது. எஸ்தர் பக்கத்தில் நிற்கிறாள். வாயை மூடி 'பெ'க்குத் தயாரானேன். உதடு ஒட்டிக்கொண்டது. கண் மூடியது. தாடை கோணியது. வலது முழங்கால் தானாக மேலே ஏறியது. கூட்டத்தில் யாரோ தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்கள்.

சட்டையிலிருந்த பிடி மெல்லத் தளர்ந்தது. "வி-விடுங்கப்பா," என்றார் அவர். "இதை ந-நடிக்க முடியாது. எ-எனக்கும் இப்படித்தான் வரும்."

நான் முடிக்கும்வரை காத்திருந்தார். எல்லோரும் செய்வதுபோல என் பெயரை ஊகித்து எடுத்துக் கொடுக்கவில்லை. ஒருவழியாக "பெஞ்சமின்" வெளியே வந்ததும் தன் பெயரைச் சொல்லத் தொடங்கினார். சங்கரன் என்று முடிவதற்குள் கூட்டம் பொறுமையிழந்து கலைந்துவிட்டது.

அடுத்த வாரம் அவரும் சயானுக்கு வந்தார். நடந்ததைக் கேட்ட அம்மையார் என் பாக்கி மூன்று பேரைத் தள்ளுபடி செய்தார். கல்யாணத்துக்கும் அவரே வழி சொன்னார். போதகர் என்னோடு சேர்ந்து உறுதிமொழியை மெல்லச் சொன்னார். எனக்குத் திக்கவே இல்லை. (வீடியோவில் கேட்டால் இரண்டு பேர் சேர்ந்து எஸ்தரைக் கல்யாணம் செய்வது போல இருக்கும்.)

திக்கு போய்விட்டதா என்றால், இல்லை. பயிற்சியை விட்டால் திரும்ப வரும், மறுபடி பயிற்சிக்கு உட்கார்ந்தால் குறையும். நானும் சங்கரன் சாரும் இன்றும் போனில் பேசுகிறோம். நலம் விசாரித்து முடிக்கவே அரை மணி நேரமாகும், இருவருக்கும் அவசரமில்லை.

வீட்டில்தான் சிக்கல். வேலையிலிருந்து தாமதமாக வந்து, காரணத்தைத் திக்கித் திக்கிச் சொன்னால் எஸ்தர் பேசாமல் டீ போடுவாள். வாய் தவறி ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் தீர்ந்தது. "என்னத்த மறைக்குதீங்க?" என்பாள். இப்போது மகளும் சேர்ந்துகொண்டாள். போன வாரம் செருப்பைக் கழற்றியபடியே ரயில் நின்றுபோன கதையைச் சொன்னேன். அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்தாள்:

"அம்மா, அப்பா திக்காமப் பேசுதாங்க. என்னன்னு வந்து கேளுங்க."