சண்டை சூடுபிடித்தால் படுத்துவிடும் கம்ப்யூட்டர்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

என் கம்ப்யூட்டரைக் கெடுத்தது நீங்கள். சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். மற்றபடி இங்கே எல்லோரும் நலம். அங்கே நீங்களும் அத்தையும் நலமாகத்தான் இருப்பீர்கள், உங்களுக்கு என்ன குறை. போன் செய்தால் மீட்டிங் என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால் இதை எழுதி அம்மா கையில் கொடுத்தனுப்புகிறேன். தங்கை முகத்துக்காகவாவது கடைசி வரி வரைக்கும் படியுங்கள்.

படிப்பு முடித்து வீட்டில் கிடந்தவனுக்கு நீங்கள் சிபாரிசு செய்து உங்கள் கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தீர்கள். துணி துவைக்கும் மெஷின் ஓடவில்லை என்று திட்டுகிறவர்களுக்கு வீட்டிலிருந்தே பணிவாகப் பதில் சொல்லும் வேலை. நாற்காலி என்னுடையது, கரண்ட் என்னுடையது, கம்ப்யூட்டர் என்னுடையது, வாங்கும் திட்டும் என்னுடையது. கம்பெனி கொடுத்தது ஒன்றே ஒன்று, ஒரு வேவு புரோகிராம். அது என் திரையை விடாமல் படம் பிடிக்கும். மௌஸ் கொஞ்ச நேரம் அசையாவிட்டால் மேனேஜருக்குக் கோள் சொல்லும். ஒரு நாள் பாத்ரூம் போய்விட்டு வந்தால் ‘இடைவெளிக்குக் காரணம் எழுதவும்’ என்று திரையில் ஒரு கட்டம் திறந்து நிற்கிறது. எழுதினேன். நம்ம பரம்பரையில ஒண்ணுக்குப் போனதுக்கு விளக்கம் எழுதின முதல் ஆள் நான்தான் மாமா.

அதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது, அந்தப் புரோகிராம் வந்த மாதத்திலிருந்து என் கம்ப்யூட்டர் சாயங்காலம் விளையாடும்போது திடீர் திடீரென்று படுத்துவிடுகிறது. உங்களுக்கு இது விளையாட்டு. எனக்கு ஞாயிற்றுக்கிழமை தேர்வுப் போட்டி. தேறினால் சம்பளம் கொடுக்கும் அணியில் இடம், தேறாவிட்டால் ஆயுசுக்கும் துணி மெஷின். சாதாரணமாக நடக்கும்போது படம் தண்ணீர் மாதிரி ஓடுகிறது. எதிரி நாலு பேர் சூழ்ந்து, துப்பாக்கிச் சூடு கிளம்பி, கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ஃபேன் அலற ஆரம்பித்ததும் திக்கித் திக்கி நிற்கிறது. என் ஆள் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கிறான், வருகிறவன் போகிறவன் எல்லாம் சுட்டுவிட்டுப் போகிறான். நான் செத்ததும் மறுபடி அருமையாக ஓடுகிறது. ‘செத்த பிறகுதான் உனக்கு நல்லா ஓடுதுன்னா முதல்லயே செத்துடு, நாங்க வேற ஆளை வச்சுப் பாத்துக்கிறோம்’ என்கிறான் எங்கள் கேப்டன். அவன் என்னைவிடச் சின்னப் பையன்.

சும்மா உங்கள் மேல் பழி போடவில்லை. முதலில் கிராபிக்ஸ் கார்டை இயக்கும் டிரைவர் புரோகிராமை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன், திரை கறுத்துப்போய் ஒரு முழு நாள் உயிர் வரவில்லை. அப்புறம் பெட்டியைக் கழற்றி, அம்மாவின் தலை காயவைக்கும் மெஷினால் தூசியை ஊதினேன், தூசி அப்படியே கிளம்பி, அம்மா மடித்து வைத்திருந்த வெள்ளைப் போர்வையில் உட்கார்ந்தது, அதற்கு வாங்கிய திட்டு தனி. சிப்பின் தலையில் தடவுகிற சூடு தணிக்கும் பசையைச் சுரண்டிவிட்டுப் புதுசு தடவினேன், மிச்சம் தலையணையில் ஒட்டிக்கொண்டது. கடைசியில் வீட்டிலிருக்கும் ஒரே டேபிள் ஃபேனைப் பெட்டிப் பக்கம் திருப்பி வைத்தேன். ‘பெத்தவ வேர்வையில நனையுறா, டப்பாவுக்குக் காத்து கேக்குதா’ன்னு அம்மா பிடுங்கிட்டுப் போயிட்டாங்க. சரின்னு பெட்டியைத் தூக்கி மடியில் வச்சு பஸ்ஸில் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவன் அதை என்னென்ன பாடோ படுத்திப் பார்த்தான். ஒரு தடவைகூடத் திக்கவில்லை. ‘கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் இல்ல, உன் வீட்டுல என்னன்னு பாரு’ என்று அனுப்பிவிட்டான். வீட்டுக்கு வந்து போட்டேன், முதல் சண்டையிலேயே படுத்தது. அப்போதுதான் புரிந்தது. கடையில் இணையம் போடவில்லை, வேவு தூங்கியிருக்கிறது.

அதை நேற்று அழித்துவிட்டேன். உடனே மேனேஜர் திரையில் வந்தார்.

“ஏன் எடுத்தே?”

“என் கம்ப்யூட்டர் சார்.”

“எதையாவது மறைக்கிறவன்தான் எடுப்பான்.”

“அப்ப உங்க கம்ப்யூட்டர்லயும் இருக்கா சார்?”

திங்கட்கிழமைக்குள் மன்னிப்புக் கேட்கவேண்டுமாம், சிபாரிசு செய்த உங்களுக்கும் கெட்ட பெயராம். கேட்கமாட்டேன். நீங்கள் எனக்கு வேலை வாங்கித் தரவில்லை மாமா, என் வீட்டுக்குள் ஒரு காவல்காரனைக் கொண்டுவந்து உட்காரவைத்தீர்கள். இந்தக் குடும்பத்தில் என்னை நம்புகிறவர் அப்பா ஒருவர்தான். பஸ் ஓட்டி ரிட்டையர் ஆன நாளிலிருந்து, நான் விளையாடும்போதெல்லாம் மேசையை ஒட்டிக் கிடக்கும் கட்டிலில் உட்கார்ந்து வாயே திறக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். துணை என்றால் அது துணை.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் மகள் நன்றாகப் படித்து முன்னுக்கு வரட்டும். அவளுக்கு மட்டும் எங்கேயும் சிபாரிசு செய்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அக்கறையால் அழிந்த மருமகன்

பின்குறிப்பு: மாமா, மேலே எழுதியதில் பாதியைப் படிக்காத மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். உறையை ஒட்டுவதற்கு முன் ஒரு ஆட்டம் போட்டுப் பார்த்தேன். வேவு இல்லை, ஆனாலும் சண்டையில் படுத்தது. ஆத்திரத்தில் மேசைக்குக் கீழே குனிந்தால் அங்கே ஒரு கால். அப்பாவோட கால். பெட்டி முகப்பில் நான் தொட்டே பார்க்காத ஒரு குட்டிப் பொத்தான் இருக்கு, அமுக்கினா மெஷின் வேகத்தைக் குறைச்சுக்கிட்டுச் சத்தமில்லாம ஓடும். ஃபேன் கத்தும்போதெல்லாம் கட்டிலில் உட்கார்ந்தபடியே கட்டைவிரலால அதை அமுக்கியிருக்கார், சத்தம் அடங்கினதும் மறுபடி அமுக்கி விட்டிருக்கார். அவர் ரிட்டையர் ஆனதும் அந்த வேவு வந்த அதே மாசம்தான். கேட்டா, “மேடு ஏற முடியாம வண்டி கத்துதுடா. நீ மிதிச்சுக்கிட்டே இருக்கே. என் கையில எந்த எஞ்சினும் வெந்ததில்ல” என்கிறார். அந்த முகத்தைப் பார்த்து எனக்குத் திட்ட வாய் வரவில்லை. விளக்கிச் சொன்னேன், சரி சரி என்றார். அடுத்த ஆட்டத்தில் ஃபேன் கத்தியதும் கால் தானாகப் போகிறது. பெட்டியைத் திருப்பி வைத்தேன், எழுந்து வந்து ‘கொஞ்சம் ஆறவிடுடா, பாவம்டா’ன்னு காதுகிட்டயே நிக்கிறார்.

வேவு வேவுதான், அதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். ஆனால் கம்ப்யூட்டரைக் கெடுத்தது நீங்கள் இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். பதிலுக்கு நீங்கள் ஒன்று செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அப்பாவை உங்கள் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். உங்கள் காரில் ஏதோ சத்தம் வருகிறது என்று சொல்லுங்கள், உடனே வருவார். நான் போன் செய்து முடிந்தது என்று சொல்லும்வரை விடாதீர்கள். என் மேல் கோபமிருந்தால் திங்கட்கிழமை வைத்துக்கொள்ளலாம். இப்ப கூப்பிடுவீங்களா மாட்டீங்களா, அதை மட்டும் சொல்லுங்க மாமா.