ஐந்து கம்பியும் பாறைக் கும்மியும்

எனக்கு எழுபத்து நாலு வயது. பெற்றது மூன்று. தாயில்லாத கொழுந்தனார் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஐந்து. ஒன்றுகூடச் சோடை போகவில்லை. (என் சின்னவனைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னால் நம்ப வேண்டாம்.) முகத்தைப் பார்த்தே ஒரு ஆள் என்ன காரியமாக வந்திருக்கிறார் என்று சொல்லிவிடுவேன் என்ற பெருமை எனக்கு இருந்தது. இருந்தது என்றுதான் சொல்கிறேன்.

எங்கள் ஊர் கேரளாவில், வடகரப்பதிப் பக்கம். ஊர் வாயனசாலையில் (நூலகம்தான்) புத்தகம் எடுத்துக் கொடுப்பவள் என் மருமகள் சாந்தி. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் பாட்டு தேடி வருகிறவர்கள் என்னிடம்தான் வர வேண்டும். நலங்குப் பாட்டு, தாலாட்டு என்று கேட்பார்கள். பாதிதான் ஞாபகம் இருக்கும். அதை முனகுவார்கள். மிச்சத்தை நான் சொன்னதும், அது இருக்கிற புத்தகத்தைச் சாந்தி எடுத்துவிடுவாள்.

போன வருஷம் பாலக்காட்டிலிருந்து ஒரு மாஷ் வந்தார், பள்ளிக்கூட வாத்தியார். சட்டைப் பையில் இரண்டு பேனா. எனக்கு அதுவே பிடிக்கவில்லை.

"இந்த ஊர் நோம்பித் திருவிழாவுல பாடற கும்மிப் பாட்டு வேணும். புக்ல இருக்குமோ?"

"புஸ்தகத்துல இல்லீங்க. அத்தைகிட்டக் கேளுங்க" என்றாள் சாந்தி.

அவர் என் எதிரில் உட்கார்ந்து ஒரு காகிதத்தை விரித்தார். எட்டிப் பார்த்தேன். ஒரு எழுத்துகூட இல்லை. ஐந்து ஐந்தாகக் கோடுகள் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓடின. நடுநடுவே குறுக்கே நின்ற கோடுகள். கரண்ட் கம்பி போகிற படம் என்றே எனக்குப் பட்டது. அப்போதுதான் பக்கத்து ஊரில் பெரிய கரண்ட் கம்பி வரப்போகிறது என்று அளந்து கல் நட்டிருந்தார்கள். கம்பிக்குக் கீழே தென்னை நிற்கக் கூடாதாம், வெட்டிவிடுவார்களாம். எனக்கு இருப்பதோ ஒரே ஒரு தென்னந்தோப்பு.

"என்னங்க இது?"

"பாட்டு எழுதற பேப்பர்மா. உங்க தோப்புக்கு நாளைக்கு வரட்டுமா? இங்க பாடினா பத்திரிகை படிக்கறவங்களுக்குத் தொந்தரவு."

எனக்குத் தோப்பு இருப்பது இவருக்கு எப்படித் தெரியும்? (சாந்திதான் வாசலிலேயே சொல்லியிருக்கிறாள். பிறகு தெரிந்தது.) பாட்டு என்ற சாக்கில் நிலத்தை விசாரிக்கிறார் என்று முடிவு கட்டினேன். அவர் தோப்புப் பக்கமே வரக் கூடாதென்று அங்கேயே மெல்லப் பாடினேன். கும்மி மெட்டு நிஜம். வார்த்தை எல்லாம் அந்த நிமிஷம் நான் கட்டியது.

பாறையடி பாறையடி பார்க்குமிடம் பாறையடி
கெணத்துக்குள்ள தண்ணியில்ல கேசு ஒண்ணு கோர்ட்டிலடி
தென்னையெல்லாம் வாடுதடி தேளும் பாம்பும் காவலடி

அவர் கம்பி மேல் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போனார். என் மரங்களைத்தான் குறிக்கிறார் என்று எண்ணி, நான் பாட்டில் இன்னும் இரண்டு பாம்பை விட்டேன். அப்படியும் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிப் போனார்.

மறுநாள் காலை கொழுந்தனாரையும் பங்காளிகளையும் தடியோடு தோப்பு வாசலில் நிறுத்தினேன். மாஷ் ஆட்டோவில் வந்து இறங்கினார். கூடவே பள்ளிக்கூடத்துப் பெண்கள் இரண்டு பேர், ஒரு ஆர்மோனியப் பெட்டி.

"ஏனுங்க, டவர் எங்க வருதுங்க?" என்றார் கொழுந்தனார்.

"எந்த டவர்?"

"மறைக்காதீங்க. கம்பிப் படம் கையிலதான இருக்குது."

மாஷ் ஒன்றும் புரியாமல் அந்தக் காகிதத்தை ஆர்மோனியத்தின் மேல் சாய்த்து வைத்துக் கட்டையை அழுத்தினார். கம்பியிலிருந்து என் கும்மி வந்தது. புள்ளிக்கு ஒரு சத்தமாக, நான் இழுத்த இடத்தில் இழுத்து, அப்படியே வந்தது. பெண்கள் கை தட்டி, மாஷ் சொல்லிக்கொடுத்திருந்த வார்த்தையோடு பாடினார்கள்.

பங்காளிகள் தடியைக் கீழே போட்டார்கள். கொழுந்தனார் மட்டும் என்னைப் பார்த்தார்.

"கெணத்துல தண்ணி இல்லீங்களா, அண்ணி? இப்பத்தான அதுல குளிச்சுட்டு வந்தேன்."

நான் வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அந்தக் கேசு யாரு மேல? எம் மேலயா?"

அவருடைய தோட்டமும் என் தோப்பும் ஒரே வேலியில் இருக்கின்றன. கேசு என்றால் அவர் மேல்தானே இருக்க முடியும்?

மாஷ் பெட்டியை மூடிவிட்டுக் கேட்டார்: "இது பழைய பாட்டுதானே அம்மா?"

நான் கட்டியது என்று சொன்னால், நாளைக்குப் பாட்டு கேட்டு எவர் என்னிடம் வருவார்?

"எங்கம்மா பாடினதுங்க" என்றேன்.

அந்தப் பெண்கள் கலோத்சவம் என்கிற பள்ளிக் கலைவிழாவில் அதைப் பாடிப் பரிசு வாங்கினார்கள். என்னை முன் வரிசையில் உட்காரவைத்துப் பொன்னாடை வேறு போர்த்தினார்கள். இப்போது வாயனசாலைக்குப் பாறைக் கும்மி கேட்டே ஆள் வருகிறது. "அது எந்தப் புஸ்தகத்துலயும் கிடைக்காதுங்க" என்று சொல்லிவிட்டு, சாந்தி அலமாரிப் பக்கம் திரும்பிச் சிரிக்கிறாள். வீட்டு வாசலில் தெரியாத ஆள் யார் வந்து நின்றாலும், "அம்மா, கெணத்துல தண்ணி இருக்குதா?" என்று என் சின்னவன் உள்ளே இருந்து குரல் கொடுக்கிறான். கேசு ஒன்றும் இல்லை என்பதைக் கொழுந்தனார் இன்னும் முழுசாக நம்பவில்லை.

எழுதிட்டியா, கண்ணு? எங்கே, அப்பத்தாவுக்கு ஒருக்கா படிச்சுக் காட்டு. நான் சொன்னதத்தான் எழுதினியான்னு பார்க்கோணும். பாட்டு வர்ற எடத்துல மட்டும் சத்தமில்லாமப் படி. எங் கொழுந்தனாரு, உங்க சின்ன அப்பாரு, வாசல்ல உக்காந்திருக்கறாரு.