வெல்வெட் நாற்காலியை வென்ற படலம்

வாழ்க மாப்பிள்ளை! வாழ்க அவர்தம் இடுப்பு! பகலெல்லாம் அலுவலகத்தின் சாய்மானமில்லா முக்காலியில் அமர்ந்து, வருகின்ற கடிதம் ஒவ்வொன்றிலும் முத்திரை குத்திக் குத்தித் தேய்ந்த அத்திருவிடுப்பு, மாலையில் மாமியார் வீட்டுக் கூடத்திலேனும் சாய ஓரிடம் வாய்க்காதா எனப் பதினோராண்டு ஏங்கிய ஏக்கத்தைப் பாடாமல் வேறெதைப் பாடுவது? பாடியே தீருவோம்.

இடம் இல்லாமலில்லை. கூடத்தின் நடுவே, செதுக்கிய தேக்குக் கைகளும் சிங்கப் பாதங்கள் நான்கும் ஓரமெங்கும் பித்தளை ஆணிகளுமாக, மண்ணிற வெல்வெட் போர்த்தி வீற்றிருந்தது ஒரு நாற்காலி. மாமியார் புதுமணப்பெண்ணாய் வந்த ஆண்டில் வாங்கியது. மெத்தைத்துணி அன்றைக்குத் தைத்த அதே துணி. அதில் அமரும் உரிமை அம்மையார் ஒருவருக்கே. ஆயினும் ஐம்பதாண்டுத் தூசியும் தலையெண்ணெயும் சிந்திய காபியும் கூட்டணி அமைத்துக் கிளப்பிய வாடைக்கு அம்மையாரின் மூக்கே புறமுதுகிட, பிறந்தது பேராணை.

"நாத்தம் தாங்க முடியல. துணியை மாத்தாம யாராவது இதைப் புதுசு மாதிரி ஆக்கிட்டா, அவங்களே உக்காந்துக்கட்டும். இல்லைன்னா சனிக்கிழமை பழைய சாமான்காரர்கிட்ட தூக்கிக் குடுத்துடுவேன்."

கேட்டது மாப்பிள்ளையின் செவி, துள்ளியது இடுப்பு. வியாழனும் வெள்ளியும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷை வாளெனவும் ஷாம்பு நுரை ததும்பும் கிண்ணத்தைக் கேடயமெனவும் ஏந்திக் களம் புகுந்தவரை, அமைச்சரை ஒத்த மனைவியார் வழிமறித்தார்.

"தண்ணியை ஊத்திடாதீங்க, உள்ள இருக்கற நாரெல்லாம் ஊறிப்போயிடும். நுரையை மட்டும் தொட்டுத் தேய்ங்க. முதல்ல பின்பக்கம், கண்ணுக்குத் தெரியாத ஓரத்துல தேய்ச்சுப் பாருங்க."

பின்பக்கமாம்! பகைவனை முதுகில் தாக்குவதோ வீரனுக்கு அழகு? நேருக்கு நேர், நட்டநடு இருக்கையில், உள்ளங்கையகல வட்டம் ஒன்றைத் தேய்த்தார் நம் பெருமகன். நுரை கறுத்தது, வெள்ளைத்துணி ஒற்றியெடுத்தது, மண்ணிறத்தின் நடுவிலிருந்து பளீரென்று விழித்துப் பார்த்தது ஒரு கிளிப்பச்சை!

"அட, இது பச்சைதான்! எனக்கே மறந்துபோச்சே!" என்று முழங்கினார் மாமியார்.

பின்பக்கம் தேய்த்திருந்தால் சுவரோரம் தள்ளி மானத்தைக் காத்திருக்கலாம். இப்போதோ வீட்டுக்கு வருவோர் போவோர் எல்லாரும் அந்த வட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். முழு நாற்காலியையும் பச்சையாக்குவது ஒன்றே வழி என்றானபின், மூண்டது பெரும்போர். வெல்வெட்டின் மயிரிழைகள் படியும் திசையிலேயே பிரஷ்ஷைச் செலுத்தி, கைப்பிடிகளை வென்று, பொத்தான் குழிகளில் ஒளிந்திருந்த அழுக்குப் படையைப் பல்குத்தும் குச்சியால் ஒவ்வொருவராய் இழுத்து வெளியேற்றி, நூற்றுப் பன்னிரண்டு ஆணிகளின் கழுத்தையும் துடைத்து முன்னேறியவரை மூன்று மணிநேரம் நிறுத்திவைத்தது தலைசாயும் இடத்து எண்ணெய்க்கறை. அதன்மேல் முகப்பவுடரை மழையெனப் பொழிந்து, எண்ணெயை உறிஞ்சவிட்டுத் தட்டியெடுத்தார், மீண்டும் பொழிந்தார். அமைச்சரின் ஓலம் எட்டுத் திக்கும் கேட்டது.

"ஏங்க, நேத்துதான் பிரிச்ச டப்பாங்க அது!"

போரில் இழப்பு சகஜம். வெள்ளி மாலைக்குள் கறை மாண்டது. மின்விசிறி வெண்சாமரம் வீசி ஈரத்தை ஆற்றியது. நாற்காலியோ நேற்றுக் கடையிலிருந்து இறங்கியது போல் தகதகத்தது. உண்மையைச் சொன்னால், எழுதுகிற நமக்கே கண் கலங்கிவிட்டது.

விடிந்தது சனிக்கிழமை. நீராடி, சலவைச் சட்டை தரித்து, கூடியிருந்த குடும்பத்தார் இருமருங்கும் விலகி வழிவிட, பதினோராண்டுத் தவத்தின் பயனை நோக்கி நடந்தார் மாப்பிள்ளை, தேக்குக் கைகளைத் தொட்டார், திரும்பினார், திருவிடுப்பை மெல்ல, மெல்லத் தாழ்த்தினார். பச்சைக்கும் அதற்கும் இடையே நாலு விரற்கடை இருக்கும்போது இடியென இறங்கியது அரசியின் குரல்.

"ஐயையோ மாப்பிள்ளை, உக்காந்துடாதீங்க! இவ்வளவு பாடுபட்டுச் சுத்தம் பண்ணதை நீங்களே அழுக்காக்கலாமா?"

அம்மையார் உள்ளே போய்க் கனத்த போர்வை ஒன்றைக் கொணர்ந்து, நாற்காலியைத் தலைமுதல் கால்வரை மூடி, நாலு மூலையிலும் முடிச்சிட்டார்.

மாப்பிள்ளை சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துகொண்டார்.