கோப்பைக்குள் கேட்காத பேஸ்

“புள்ள, நீ அந்தக் கிற்றார வாசிச்சியா, இல்லாட்டித் தூசு தட்டினியா?”

பேரவைத் தலைவர் திவாகரன் ஒருமுறை பிரஷாந்தியிடம் இப்படிக் கேட்டார். மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் இதைவிட ஆழமான கேள்வியை எவரும் கேட்டதில்லை.

‘நாவற்குடா உலகத்தர இசைப் பேரவை’ தன் முதற் பாடலைத் தயாரித்துக்கொண்டிருந்தது. பாட்டின் அடியில் தடித்து ஓடும் பேஸ் கிற்றார் ஓசை பிரஷாந்தியின் பொறுப்பு. செலவைக் குறைக்க, அவள் அதை வீட்டிலேயே பதிவுசெய்யலாம் என்று பேரவை பெருந்தன்மையோடு தீர்மானித்தது. கருவி அவளுடையது. மடிக்கணினி அவளுடையது. மின்சாரம் அவளுடைய அம்மாவுடையது. தீர்மானம் மட்டும் பேரவையுடையது.

பள்ளிக்கூடத்தை இடையில் விட்ட பிறகு அவள் உருப்படியாகக் கற்றது இந்த நாலு கம்பியைத்தான். ‘நீ என்ன செய்யிறாய்?’ என்று கேட்பவர்களுக்குக் காட்ட வேறொன்றுமில்லை. இந்தப் பாட்டில் தன் வாசிப்பு கேட்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

ஒரு சிக்கல். சமையலறையில் பிரிட்ஜ் ஓடினால் அதன் இரைச்சலும் வயர் வழியே பதிவாகிவிடும். ஆகவே வாசிக்கும்போதெல்லாம் அதை நிறுத்தினாள்.

“உன்ட பாட்டு முடியிறதுக்குள்ள இறால் நாறிரும்,” என்றாள் அம்மா.

“இன்னும் ஒருக்காத்தான்மா.”

“நேத்தும் இதத்தானே சொன்ன நீ?”

பேரவை ஒலியை ஆராயும் முறை முற்றிலும் விஞ்ஞானபூர்வமானது. திவாகரனின் போனை வெறும் தேநீர்க் கோப்பைக்குள் நிறுத்திப் பாட்டைப் போடுவார்கள். பிறகு கண்ணை மூடுவார்கள். ஆலோசகர் கோணாமலை சிலவேளை திறக்க மறந்துவிடுவார்.

“பேஸ் ஒண்டும் கேக்கல்லயே,” என்றார் திவாகரன்.

“எனக்கும்தான்,” என்றார் கோணாமலை.

ஏகமனதாக நிறைவேறியது.

“அண்ணன், போன்ல பேஸ் கேக்காது. பெரிய ஸ்பீக்கர் பொக்ஸ் வேணும்,” என்றாள் பிரஷாந்தி, நிலத்தைப் பார்த்தபடி.

“உலகமே போன்லதான் கேக்குது. நீ உலகத்துக்கும் மேலயா?”

“கொஞ்சம் மேல ஏத்தி வாசியன், புள்ள,” என்று கோணாமலை சமாதானம் செய்தார்.

மேல் சுரத்துக்கு ஏற்றினாள். கேட்கவில்லை. இன்னும் ஏற்றினாள். பிரிட்ஜ் ஆறு தரம் நின்றது. இறால் இரண்டு தரம் குப்பைக்குப் போனது. ஆறாம் முறை, கோப்பைக்குள்ளிருந்து மெல்லிய கீச்சொலி ஒன்று எழுந்தது.

“ஆ! இதுதான் பேஸ்!” பேரவை கைதட்டியது.

செங்கலடி மண்டபத்தில் வெளியீட்டு விழா. ஒலியமைப்புக்காரர் ஏறாவூர் இர்ஷாத் ஆளுயரப் பொக்ஸ்களைக் கொண்டுவந்து வைத்துப் பாட்டைப் பரிசோதித்தார்.

“என்ன இது? பாட்டுக்கு அடியே இல்ல. மேல காதுக்குள்ள கீச்சிடுற நுளம்பு ஒண்டுதான் பறக்குது.”

பிரஷாந்தி பென் டிரைவை நீட்டினாள். “இதில நான் முதல்ல வாசிச்ச பேஸோட முழுப் பாட்டும் இருக்கு. போட்டுப் பாருங்க, இர்ஷாத் நானா.”

போட்டார். தரை அதிர்ந்தது. பிளாஸ்டிக் கதிரைகள் நடுங்கின. கோணாமலை கண்ணைத் திறந்தார்.

“நெஞ்சுக்குள்ள கேக்குதுகா!”

“ஆரு வாசிச்ச?” என்றார் இர்ஷாத்.

அவள் வாய் திறப்பதற்குள் திவாகரன் ஒலிவாங்கியைப் பிடித்துவிட்டார். விழாவுக்கு இந்தப் பதிவுதான் என்று அறிவித்தார். மாலையில் சபை நிறைந்ததும், பாட்டு முழங்க முழங்க விளக்கமளித்தார்: “பேரவையின் நீண்டகால ஆராய்ச்சியின் பயன் இது!” அத்தகைய செவிக்குப் பொன்னாடை போர்த்தாமல் விடுவது பண்பாடாகுமா? பேரவை தன் தலைவருக்கே போர்த்த முடிவுசெய்தது. பிரஷாந்தியையும் மறக்கவில்லை. மேடைக்கு அழைத்தார்கள், பொன்னாடைத் தட்டைப் பிடிக்க.

“நேராப் பிடி புள்ள, வீடியோ எடுக்குது,” என்றார் திவாகரன்.

ஒரு பேஸ் கலைஞரிடம் பேரவை வேறென்ன கேட்டது? அடியில் நிற்க வேண்டும். மேலே உள்ளவர்களைத் தாங்க வேண்டும். யார் காதிலும் விழக் கூடாது.

பிரஷாந்தி தட்டை மேடையில் அமர்ந்திருந்த கோணாமலையின் மடியில் வைத்தாள். மேடையை விட்டு இறங்கி, இர்ஷாத்தின் மேசைக்குப் போய், பென் டிரைவைக் கழற்றினாள். பாட்டு பாதியில் நின்றது. பொன்னாடைக்குக் குனிந்த தலையோடு திவாகரன் அப்படியே நிற்க, அவள் பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்தாள்.